வயிற்றில் கோடு தேடும் பிள்ளைக்கு இரவுச் சோறு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். நம் பிள்ளைகள், குறிப்பாக 13 முதல் 17 வயது வரையிலான பையன்கள், ‘சிக்ஸ் பேக்’ எனப்படும் வயிற்றுக் கட்டுகளைப் பெறுவதற்காகச் செய்யும் காரியங்களில் பாதி பயனற்றவை என்பதையும், மீதியில் சில அவர்களுடைய வளர்ச்சிக்கே கேடு விளைவிப்பவை என்பதையும் பெற்றோர் பலர் அறியாதிருக்கின்றனர். என் வீட்டிலேயே ஒரு பேரனிடம் இதைக் கண்ட பிறகு பேசாமலிருக்க மனம் வராததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நீளம் கருதி எதையேனும் வெட்ட வேண்டியிருந்தால், என் சொந்தக் கதையை வெட்டுங்கள். உணவைப் பற்றிய பகுதியைத் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வயது 15; உயர்நிலை மூன்றில் படிக்கிறான். அவனுடைய தந்தை ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். சென்ற தீபாவளியின்போது, அடுத்து வரும் தைப்பூசத்தில் தானும் வேட்டி கட்டி, மேலே சட்டையில்லாமல், ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை அப்பாவின் பக்கத்திலேயே நடந்துவரப்போவதாகவும், அதற்குள் வயிற்றைக் கட்டிவிட வேண்டுமென்றும் அவன் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஏறத்தாழ நூறு நாள் இருந்தது. அன்றிலிருந்து இரவுச் சோறு நின்றது. அவித்த முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சள் கருவைக் குப்பைத்தொட்டியில் போட்டான். இரவு பதினொரு மணிக்கு மேல், வீட்டு வாசல் தாழ்வாரத்தில் பாயை விரித்து முந்நூறு சிட்-அப். இத்தனைக்கும் வழிகாட்டியது, இணையத்தில் தன்னைப் பயிற்றுநர் என்று சொல்லிக்கொள்ளும் யாரோ ஒருவர் 59 வெள்ளிக்கு விற்ற பன்னிரண்டு வாரத் திட்டம். அதை வாங்கிப் பார்த்தேன். நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கு மேல் உண்ணக்கூடாது என்று அதில் இருந்தது. ஓடியாடித் திரியும் பதினைந்து வயதுப் பையனுக்கு 2,000 கலோரிக்கு மேல் வேண்டும்; வளர்ச்சி வேகமெடுத்திருக்கும் ஆண்டில் இன்னும் கூடுதலாக வேண்டும். திட்டத்தில் வாங்குபவரின் வயதைக் கேட்கும் இடமே இல்லை.

ஐந்து வாரம் கழித்து என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அப்பா, பையன் எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிறான், வகுப்பில் தூங்குகிறான் என்று ஆசிரியர் சொல்கிறார், இடுப்பு வலிக்கிறது என்கிறான், நீங்கள் வந்து பேசுங்கள்” என்றாள். போய்ப் பார்த்தேன். முன்பு தடுமாறாமல் ஓடிய 2.4 கிலோமீட்டரை அவனால் முடிக்க முடியவில்லை. வயிற்றில் கோடு விழவில்லை, கன்னம்தான் ஒட்டிப்போயிருந்தது.

அன்று மாலை அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் அமர்ந்து அவனுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். வயிற்றின் முன்பக்கத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியிலிருந்து இடுப்பெலும்பின் முன்பகுதி வரை, ஒரு நீண்ட தசை இரண்டு பட்டைகளாக ஓடுகிறது. அவ்விரண்டு பட்டைகளுக்கும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நார்க்கோடு உண்டு. குறுக்கே, பெரும்பாலோருக்கு மூன்று இடங்களில், நாண் போன்ற பட்டைகள் அத்தசையை வெட்டிச் செல்கின்றன. நாம் ‘பேக்’ என்று எண்ணுவது அந்த நாண்களுக்கு இடையே புடைத்துத் தெரியும் தசைத் துண்டுகளைத்தான். குறுக்கு நாண்கள் எத்தனை, எந்த உயரத்தில், இருபுறமும் நேராகவா கோணலாகவா என்பதெல்லாம் தாயின் கருப்பையிலேயே முடிவாகிவிடுகிறது. சிலருக்கு நான்கு துண்டு, சிலருக்கு எட்டு. ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கி இருப்பவர்களும் உண்டு. இல்லாத நாணை உண்டாக்கும் உடற்பயிற்சி உலகில் எங்குமில்லை. ஆகவே “ஆறு” என்ற எண்ணைக் குறிவைத்து உழைப்பதே பிழையான தொடக்கம் என்று அவனிடம் சொன்னேன். அவன் உடனே தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அந்தத் தசை எல்லோருக்கும் இருக்கிறது. அது வெளியே தெரிவதும் தெரியாததும் அதன்மேல் தோலுக்கடியில் படிந்திருக்கும் கொழுப்பின் கனத்தைப் பொறுத்தது. வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தால் வயிற்றுக் கொழுப்புக் கரையும் என்று நம்புவோர் இன்றும் பெரும்பாலோர். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 1971இல் வெளியான ஓர் ஆய்வில், டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். பல ஆண்டுகள் மட்டை பிடித்த கையில் தசை பெருத்திருந்தது. ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் கனம் இரண்டு கைகளிலும் வேறுபடவில்லை. நம் புளோக்கின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடிக்காரர் குழாயைத் திறந்தால் மூன்றாம் மாடிக்குரிய தண்ணீர் என்று தனியாகக் குறைவதில்லை, தொட்டியில் மொத்தமாகக் குறைகிறது. உடலும் கொழுப்பை எங்கிருந்து எடுத்து இரத்தத்தில் சேர்ப்பது என்பதைத் தன் போக்கில் முடிவுசெய்கிறது. ஆண்களில் பலருக்கு அடிவயிற்றிலிருந்துதான் கடைசியாக எடுக்கிறது. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. என் பேரன் இடுப்பு நோக நோகப் போட்ட முந்நூறு சிட்-அப்புக்குச் செலவான சக்தி ஏறத்தாழ ஒரு வாழைப்பழம்.

வளர்ந்த ஆண்களுக்கே, உடல் எடையில் கொழுப்பின் பங்கு ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு விழுக்காட்டுக்கு இறங்கும்போதுதான் இக்கோடுகள் தெளிவாகத் தெரியத் தொடங்கும். திரைநடிகர்களும் உடற்கட்டுப் போட்டியாளர்களும் மாதக்கணக்கில் பயிற்றுநர், சமையற்காரர் எனப் பலரை அமர்த்திக்கொண்டு அந்நிலையை எட்டி, படப்பிடிப்போ போட்டியோ நடக்கும் சில நாள்களுக்கு மட்டுமே அதைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். மேடையேறும் முன் தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் சில போட்டியாளர்களிடம் உண்டு, அது ஆபத்தானது. பக்கவாட்டு விளக்கு, பூசிய எண்ணெய், படமெடுப்பதற்குச் சற்றுமுன் செய்த தண்டால், மூச்சை இழுத்துப் பிடித்த அந்தக் கணம் ஆகிய எல்லாம் சேர்ந்து உருவாகும் ஒரு படத்தைத் திறன்பேசியில் பார்த்துவிட்டு, காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் தெரியும் தன் வயிற்றோடு ஒரு சிறுவன் ஒப்பிடுகிறான்.

இங்கே வயதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் விற்கப்படும் திட்டங்கள் எதுவும் இதைச் சொல்வதில்லை. பையன்கள் பெரும்பாலும் 13, 14 வயதில் மிக விரைவாக உயர்கிறார்கள். தசைவலிமை அதே வேகத்தில் ஏறுவது அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு கழித்துத்தான். உயரம் முதலில் வருகிறது, தசை பின்னால் வருகிறது. இடையில் இருக்கும் அந்தக் காலத்தில் பிள்ளை ஒட்டடைக் கோல் போல இருப்பான், அல்லது உயர்வதற்கு முன் இடுப்பில் சற்றுச் சதை போட்டிருப்பான். இரண்டுமே இயல்பு. அந்த நேரத்தில் உணவைக் குறைத்தால், உடல் வரவுக்கேற்பச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. வளர்ச்சி மந்தமாகிறது, பருவமடைதல் தள்ளிப்போகிறது, எலும்புக்குள் சேர வேண்டியது சேராமல் போகிறது. மனிதன் தன் வாழ்நாளில் சேர்க்கும் எலும்புத் திண்மையில் ஏறத்தாழ 90 விழுக்காடு, பெண்களுக்குப் 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் விட்டதை நாற்பது வயதில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை விழுங்கி ஈடுகட்ட முடியாது.

பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பருவ வயதில் அவர்கள் உடலில் கொழுப்புச் சற்று கூடுவது இயற்கையின் ஏற்பாடு. தட்டை வயிறு வேண்டுமென்று உணவைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டினால் முதலில் நிற்பது மாதவிடாய். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014இல் இந்தச் சக்திக் குறைபாட்டுக்கென ஒரு பெயர் சூட்டி, அது பெண் விளையாட்டாளர்களை மட்டுமின்றி ஆண்களையும் பாதிக்கிறது என்று அறிவித்தது. மூன்று மாதம் மாதவிடாய் வராத மகளை “பரீட்சை டென்ஷன்” என்று சொல்லி விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பங்குக்கு ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில், பருமனான மாணவர்களின் எடையைக் குறைப்பதற்கான ‘டிரிம் அண்ட் ஃபிட்’ (TAF) திட்டம் நடைமுறையில் இருந்தது. நாற்பது வயதை ஒட்டியுள்ள வாசகர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் ‘குண்டு’ என்று பொருள்படும் சொல் வரும் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. பருமனான மாணவர்களை இடைவேளையில் தனியே கூட்டிப்போய் ஓடவைத்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். உணவுக்கூடத்து மேசைகளில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடியவர்களுக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன், அப்படி ஓடிய மாணவர் ஒருவரைத் தேக்காச் சந்தையில் மீன் வாங்கும்போது சந்தித்தேன். அன்பாகத்தான் பேசினார். “சார், இன்றைக்கும் நாலு பேர் முன்னால் சாப்பிட எனக்குக் கூச்சம்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றின் தோற்றத்தை வைத்துப் பிள்ளையை அளப்பது எவ்வளவு நாள் தங்கும் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன்.

இனி உணவு. தசைக்குப் புரதம் வேண்டும் என்று பிள்ளைகள் சொல்வது சரியே. அதற்காக ஒரு டப்பா பொடிக்கு அறுபது, எழுபது வெள்ளி கொடுப்பதுதான் தேவையற்றது. பதின்ம வயதினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.85 கிராம் புரதம் என்பது பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள பையனுக்கு அது சுமார் 47 கிராம். பயிற்சி செய்பவனுக்குச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு முட்டை 12 கிராம், ஒரு குவளைப் பால் 8 கிராம், மதியம் நூறு கிராம் கோழிக்கறி 25 கிராமுக்கு மேல், சோற்றிலும் பருப்பிலும் இருப்பது பத்துக் கிராமுக்குக் குறையாது. கூட்டிப் பாருங்கள், வீட்டுச் சாப்பாடே போதுமானது. முட்டையின் மஞ்சள் கருவை எறிகிறவர்கள், அம்முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டையும் சேர்த்தே எறிகிறார்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் வீடுகளில் மரக்கறி மட்டும் என்றால் புரதத்துக்கு எங்கே போவது என்று என் மகள் கேட்டாள். தேக்காச் சந்தையிலும் எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும் தெம்பே (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி) நூறு கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. அதைச் சம்பாலில் புரட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள். சுண்டல், பருப்பு, தயிர் ஆகியவை ஏற்கெனவே நம் அடுப்படியில் இருப்பவை.

சோற்றை அடியோடு நிறுத்துவது பிள்ளைகள் செய்யும் பெரிய பிழை. சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் உணவுத் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு பழுப்பரிசிச் சோறு போன்ற முழுத்தானியமும், கால்பங்கு மீன், இறைச்சி, பருப்பு வகையும் இருக்கின்றன. அதில் சோற்றுக்கு இடமிருக்கிறது. நம் தட்டுகளில் சோறு முக்கால்பங்கும் காய்கறி ஒரு கரண்டியும் இருப்பதுதான் சிக்கல் என்பதை நானும் மறுக்கவில்லை. பெற்றோருக்கு நேரமில்லாத நாளில் காப்பிக்கடையில் பரோட்டாவோ மீ கோரிங்கோ வாங்கிக் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது. கூடவே எதைக் குடிக்கக் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் 30 முதல் போத்தல், டின் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடைகளில் கலக்கித் தரும் பானங்களுக்கும் ‘நியூட்ரி-கிரேட்’ தரக்குறி வந்துவிட்டது. நூறு மில்லிலிட்டருக்குப் பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அது கடைசித் தரமான ‘டி’. அப்படிப்பட்ட பானத்தில் அரை லிட்டர் குடித்தால் 50 கிராம் சர்க்கரை. 2,000 கலோரி உண்பவர் நாளொன்றுக்குத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே அவ்வளவுதான். இரவுச் சோற்றை விட்ட என் பேரன், பள்ளி முடிந்து நண்பர்களோடு பபள் டீ குடிப்பதை விடவில்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது. இப்போது ‘தே ஓ கோசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) சொல்லப் பழகியிருக்கிறான். முகம் சுளித்துக்கொண்டுதான் குடிக்கிறான்.

தூக்கத்தையும் உணவோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஏழரை மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை நள்ளிரவில் சிட்-அப் போட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தசைக்கு வளர நேரம் எங்கே இருக்கிறது?

சிட்-அப்பை நான் முற்றாக வெறுப்பவன் அல்லன். 1982இல் தொடங்கிய நாப்ஃபா என்னும் பள்ளி உடலுறுதித் தேர்வில் ஒரு நிமிட சிட்-அப் இன்றும் உண்டு. தேசிய (ராணுவ) சேவையாளர்களின் ஐபிபிடி உடலுறுதித் தேர்விலும் தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. (கோடு விழுந்த வயிற்றுக்கு அங்கே தனிப் புள்ளி கிடையாது என்பதைப் பையன்களிடம் அடிக்கடி சொல்வேன்.) தேர்வுக்காகப் பழகுவது வேறு, இரவுதோறும் முந்நூறு முறை முதுகெலும்பை வளைப்பது வேறு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில், சிட்-அப் ஒவ்வொன்றும் முதுகெலும்பின் வட்டுகள்மீது பெருஞ்சுமையை ஏற்றுகிறது என்று அளந்து காட்டி, அதற்குப் பதிலாக முதுகை அசைக்காமல் வயிற்றை இறுக்கும் பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். வயிற்றுத் தசைகளின் முதன்மையான வேலையே இடுப்பை நிலைகுலையாமல் பிடித்துக்கொள்வதுதான். முன்தசையின் இருபுறமும் சாய்வாகவும் குறுக்காகவும் ஓடும் தசைகள் ஒரு கச்சை போல உடம்பைச் சுற்றிக் கட்டியிருக்கின்றன. கண்ணாடியில் அவை தெரிவதில்லை என்பதால் பிள்ளைகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

பேரனுக்கு நான் வகுத்துக் கொடுத்தது மிக எளியது. வாரத்தில் மூன்று நாள், புளோக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலையில், நாற்பது நிமிடம். முதலில் பஸ்கி, முதுகில் புத்தகப்பையைச் சுமந்துகொண்டு. பையில் முதல் வாரம் இரண்டு பாடநூல், பிறகு மூன்று. அடுத்து தண்டால், மார்பு தரையைத் தொட்டு எழும்படி. பிறகு கம்பியில் புல்-அப். அவனால் தொடக்கத்தில் ஒன்றுகூட முடியவில்லை, ஆகவே எகிறிப் பிடித்து மெதுவாக இறங்க மட்டும் சொன்னேன், இறங்குவதற்கு ஐந்து எண்ணும் நேரம். கடைசியில் கம்பியில் தொங்கி முழங்கால்களை மார்பை நோக்கித் தூக்குவது, முழங்கைகளை ஊன்றிப் பலகைபோல் நிற்கும் பிளாங்க், பக்கவாட்டில் அதே நிலை. பிளாங்கில் மூன்று நிமிடம் நின்றேன் என்று பெருமை பேசும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு தொய்ந்த பிறகு நிற்கும் நேரம் கணக்கில் வராது, முப்பது நொடி ஒழுங்காக நின்றால் போதும். மற்ற நாள்களில் காற்பந்தோ மிதிவண்டியோ நீச்சலோ அவன் விருப்பம். 5 முதல் 17 வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது.

எடை தூக்கினால் பிள்ளை குட்டையாகிப்போவான் என்று இன்றும் சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். முறையறிந்தவர் மேற்பார்வையில், அளவறிந்து செய்யும் எடைப்பயிற்சி உயரத்தைத் தடுப்பதில்லை என்பது குழந்தை மருத்துவர்களின் இன்றைய முடிவு. தன்னால் ஒரேயொரு முறை மட்டுமே தூக்க முடிகிற உச்ச எடையைத் தூக்கிக் காட்டும் போட்டியை மட்டும், உடல் முதிரும் வரை தவிர்க்க வேண்டும். சிலம்பம் கற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு நிறைவாக இருக்கும். கம்பைச் சுழற்றும்போது இடுப்பும் விலாவும் வேலை செய்வதைப் போல எந்த இயந்திரமும் செய்யவைப்பதில்லை. அதைப் பயிலும் பையன்கள் பலருக்கு வயிற்றில் கோடு இருக்கிறதா என்று பார்க்கவே நேரமிருப்பதில்லை.

மருந்துக்கடைகளில் இல்லாமல் இணையத்தில் மட்டும் விற்கப்படும் ‘கொழுப்பெரிப்பு’ மாத்திரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரிந்ததால் 2010இல் சிபுட்ராமின் என்ற மருந்து சிங்கப்பூர்ச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. மூலிகை என்றும் இயற்கை என்றும் சொல்லி விற்கப்படும் மெலிவுப் பொருள்களில் அதே மருந்து ஒளிந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பிள்ளையின் பெயருக்கு வரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பது ஒற்றாடல் ஆகாது.

எவ்வளவு தசை போட்டாலும் தான் சுள்ளியாகவே இருப்பதாக நம்பும் மனநிலை ஒன்று உண்டு. 1990களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் அதை விவரித்தார்கள். இன்று அது உடல் தோற்றம் குறித்த மனநோய்களுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. குடும்ப விருந்துகளைத் தவிர்ப்பது, உணவைத் தராசில் நிறுத்துத் தின்பது, ஒருநாள் பயிற்சி தவறினால் பதறுவது, வெயிலிலும் தொளதொளச் சட்டைக்குள் ஒளிவது ஆகியவை தொடர்ந்து இருந்தால், கண்டிப்பதை விட்டுவிட்டுப் பள்ளி ஆலோசகரிடமோ பலதுறை மருந்தகத்திலோ பேசுங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு வழிகாட்டுவார்கள்.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு வழக்கத்தைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. திருமண மண்டபத்தில் நுழைந்தவுடன், “என்ன தம்பி, தொப்பை போட்டுட்டே” என்று வயிற்றில் தட்டுவதும், ஆறு மாதம் கழித்து அதே பிள்ளையிடம், “ஏன் இப்படி இளைச்சுட்டே, அம்மா சோறு போடலையா?” என்று கேட்பதும் நமக்கு நலம் விசாரிப்பு. கேட்கிற மாமாவின் சட்டைப் பொத்தான் பெரும்பாலும் தெறிக்கும் நிலையில் இருக்கும். அந்த வயதுப் பிள்ளைக்கு அது வீடுவரை கூடவே வருகிற சொல். என் பேரனுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்டபோது, திறன்பேசிக் காணொளிகளுக்கு முன்பே, அதற்கு முந்திய தைப்பூசத்தில் உறவினர் ஒருவர் அவன் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, “பிள்ளையார் வந்துட்டார்” என்று சொல்லிச் சிரித்ததைத்தான் சொன்னான். அந்த உறவினர் நான்தானோ என்று எனக்கே ஐயம். அவன் இல்லை என்றான். மரியாதைக்காகச் சொன்னானா என்று தெரியவில்லை.

இந்தியர்களாகிய நமக்கு, அதே உயரமும் எடையும் கொண்ட மற்றவர்களைவிட வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேரும் தன்மை கூடுதல் என்பதும், அது நீரிழிவுக்கு வழிவகுக்கிறது என்பதும் உண்மை. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்ததிலிருந்து நாம் இதைக் கேட்டு வருகிறோம். ஆகவே பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி அக்கறையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். அந்த அக்கறையை அங்காடியில் பொருள் வாங்கும்போதும், அடுப்படியிலும், மாலையில் பிள்ளையோடு சேர்ந்து கீழே இறங்கி நடப்பதிலும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பள்ளிகளுக்கும் நம் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். உயர்நிலை இரண்டு, மூன்று மாணவர்களுக்கு உடற்கல்வி வகுப்பில் எடைப்பயிற்சியின் அடிப்படையையும், வயிற்றுக் கொழுப்பைப் பற்றி மேலே நான் எழுதிய எளிய உண்மைகளையும் ஓரிரு பாடவேளைகளில் கற்பித்துவிடலாம். யாரும் கற்பிக்காத இடத்தில்தான் 59 வெள்ளித் திட்டம் நுழைகிறது. சமூக மன்றங்களில் தமிழ் இளையருக்காக நடத்தும் நிகழ்ச்சிகளில் ஆண்டுக்கொரு முறையாவது ஓர் உணவியல் வல்லுநரையும் ஓர் இயன்முறை மருத்துவரையும் அழைத்துப் பேசவைக்கலாம். தங்கள் நாளிதழும் இளையர் பக்கத்தில் இதற்கென மாதம் ஒரு பத்தி ஒதுக்கினால், பாட்டிமார் படித்துப் பேரப்பிள்ளைகளிடம் சொல்வார்கள்.

பேரன் இந்தத் தைப்பூசத்தில் அப்பாவோடு நடந்தான். காலை நான்கு மணிக்கே எழுந்து இட்லி சாப்பிட்டான். சட்டையைக் கழற்றும்போது ஒரு நொடி தயங்கினான், பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தந்தையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். வயிற்றில் கோடு ஒன்றும் இல்லை. கோயில் வாசல் வரை தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான், கை மாற்றிக் கேட்கவில்லை. புல்-அப் இப்போது நான்கு வரை போகிறது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் புளோக் உடற்பயிற்சி மூலையில் அவனோடு இன்னும் மூன்று பையன்களும் ஒரு பெண்பிள்ளையும் சேர்ந்து பயில்கிறார்கள். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். விரும்பும் பெற்றோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. வரும் பிள்ளைகள் மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஈசூன்